பன்னுக்குப் பதில் கோழி

2010 ஏப்ரல் 12-ஆம் தேதி அமெரிக்காவில் கே.எஃப்.சி. ஒரு பண்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் டபுள் டவுன். கீழே ஒரு பொரித்த கோழித் துண்டு, மேலே ஒரு பொரித்த கோழித் துண்டு, நடுவில் பன்றி இறைச்சி, சீஸ், சாஸ். பன் கிடையாது. முந்தின வருஷம் ஒமாஹாவிலும் பிராவிடன்சிலும் விற்றுப் பார்த்தபோதே, யாரோ கட்டிவிட்ட கதை என்று பல பேர் நம்பவில்லை. கடைக்கே வந்துவிட்டதும் பதறிப் போனார்கள். ஒன்றுக்கு 540 கலோரி, 1,380 மில்லிகிராம் சோடியம் என்று கணக்குப் போட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். திட்டியவர்களில் பாதிப் பேராவது வரிசையில் நின்றுதான் திட்டியிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே உப்பு விஷயத்தில் அவர்கள் பயந்தது நியாயம். கலோரிக்குப் பயந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு காதுகுத்து விருந்தில் 540 கலோரி என்பது, தண்ணீர் டம்ளர் வருவதற்குள் உள்ளே போய்விடுகிற சமாச்சாரம்.

எங்கள் வீட்டுக்கு அந்த வம்சத்தில் ஒன்று போன தீபாவளிக்கு முன்னால் வந்தது. அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வரும்போது வழியில் ஏதோ கடையில் வாங்கி, பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டு வந்தான். பன்றி இல்லை; மற்றபடி அதே அமைப்பு.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“பன்னு எங்கடா?”

“பன்னு கெடையாது பாட்டி. கோழிதான் பன்னு.”

“அப்ப கோழி எது?”

எம்.டெக். படித்தவன். பதில் வரவில்லை.

அமெரிக்காவில் கேட்ட கேள்வி ‘இவ்வளவு தின்னலாமா’ என்பது. எங்கள் வீட்டில் அதை யாருமே கேட்கவில்லை. இங்கே கேள்வியெல்லாம் வேறு ரகம். சித்தப்பா ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்து, “எலும்பு எங்கப்பா போச்சு?” என்றார். போன்லெஸ் என்றான் பையன். “எலும்பில்லாத கோழி எப்படி நடந்துச்சாம்?” என்று கேட்டுவிட்டு, ஒன்றின் விலையை விசாரித்தார். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைய தேதிக்கு உயிர்க்கோழி கிலோ என்ன விலை, உரித்தால் எவ்வளவு தேறும் என்று மனக்கணக்கு ஓடியது உதட்டசைவிலேயே தெரிந்தது.

ஆனால் உண்மையான சிக்கல் மாப்பிள்ளையால் வந்தது. நாட்டுக்கோழி அடித்தால் எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தொடை மாப்பிள்ளைக்கு. ஈரல் சின்னப் பிள்ளைகளுக்கு. கழுத்து சித்தப்பாவுக்கு, அரை மணி நேரம் அதோடு போராடுவார், அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. முதுகும் விலாவும் சமைத்தவர்களுக்கு, அதாவது மிச்சம் இருந்தால். சண்டை சச்சரவு இல்லாமல் இத்தனை வருஷம் குடும்பம் ஓடுவதே இந்த ஏற்பாட்டில்தான். பெட்டிக்குள் இருந்ததோ எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். மாப்பிள்ளைக்கு வைத்த அதே துண்டு, கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பிக்கும் கொடுக்கப்பட்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கடி கடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று திண்ணைக்குப் போனார். அவரைச் சமாதானப்படுத்த மறுநாள் ஒரு சேவல் உயிரை விட்டது.

என் மனைவியின் கேள்வி ஒன்றே ஒன்று: “எண்ணெய எத்தினி தடவ காய்ச்சினதோ?” நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தள்ளுவண்டிச் சில்லி சிக்கனைப் பார்த்து இதே கேள்வியை அவள் கேட்டதில்லை. அங்கே நூறு கிராம் சொன்னால், அரைவேக்காட்டில் எடுத்து வைத்த துண்டுகள் மறுபடி வாணலிக்குள் இறங்கும். எண்ணெயின் சத்தம் சலசலப்பிலிருந்து சன்னமாக மாறும்போது அண்ணன் ஒரு கை கறிவேப்பிலையையும் கீறின பச்சை மிளகாயையும் விசிறுவார். எல்லாரும் ஓரடி பின்னால் போய், மறுபடி ஓரடி முன்னால் வருவோம். அரித்தெடுத்து, தராசில் போட்டு, முள் சரியாக நின்ற பிறகும் ஒரு தூள் துண்டைக் கூடப் போடுவார் பாருங்கள், அந்த ஒரு துண்டுக்காக எண்ணெயின் பூர்வீகத்தை மன்னித்துவிடலாம். நிறத்தைப் பற்றி மட்டும் நான் பேச மாட்டேன். 2024 ஜூனில் கர்நாடகத்தில் கபாபுக்குச் செயற்கை நிறம் கூடாது என்று தடை போட்டார்கள். அன்றிலிருந்து பையன் அங்கிருந்து போன் பண்ணி, “கபாப் வெளுத்துப் போச்சு மாமா” என்று புலம்புகிறான்.

பெங்களூரும் பொரித்த கோழியும் பழைய பகையாளிகள். 1995-ல் கே.எஃப்.சி. இந்தியாவில் முதல் கடையைத் திறந்தது பிரிகேட் ரோட்டில். அஜினோமோட்டோ அதிகம் என்று அதே வருஷம் மாநகராட்சி கடையைப் பூட்டப் பார்த்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஜனவரியில் விவசாயிகள் தலைவர் நஞ்சுண்டசாமியின் ரைத்த சங்கத்தார் உள்ளே புகுந்து கடையை உடைத்தார்கள். நம் ஊரில் அதற்கெல்லாம் அவசியமே வரவில்லை. நம்மிடம் சிக்கன் 65 இருந்தது. அது சென்னை புஹாரி ஓட்டலில் 1965-ல் பிறந்தது என்பது அந்த ஓட்டல்காரர்கள் சொல்லும் கதை. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானதும் அதே 1965-ல்தான். ஒரே வயது, ஆனால் மாவட்டத்தின் பிறந்தநாளை அந்தக் கோழியோடு கொண்டாட வழியில்லை. பிறந்த தேதி அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி, கறிக்கடைக்கு லீவு.

பெட்டியில் மிஞ்சியதை அம்மா வீணாக்க விடவில்லை. மேல் மாவைக் கத்தியால் சுரண்டி, சீஸைத் தனியே எடுத்து, கோழியை நன்றாகத் தண்ணீரில் அலசினாள். பதினோரு வகை மசாலாவோ எத்தனையோ, எல்லாம் சாக்கடையில் போனது. பிறகு சின்ன வெங்காயம், மல்லி, மிளகாய், தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, ராகிக் களி கிண்டினாள். பையன் அதிர்ச்சியில் உட்கார்ந்திருந்தான். களியில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டினான்.

சித்தப்பா மட்டும் குழம்பில் கரண்டியை விட்டு வெகு நேரம் துழாவிக்கொண்டிருந்தார். கழுத்தைத் தேடுகிறாராம்.