டியூஷன் சார் வைப்பது எப்படி?

வீட்டுக்கே சாரை வரவழைத்துப் பிள்ளைக்குக் கணக்கும் உயிரியலும் தனியாகச் சொல்லித்தர முடிவெடுத்துவிட்டீர்கள். சபாஷ். பாதியை நீங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் செய்துவருகிறீர்கள். மீதிக்கு இதோ வழிமுறை.

1. எந்தப் பாடத்தில் எது புரியவில்லை என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுக்கு எந்த சார் வருகிறார் என்று விசாரியுங்கள். அவரையே பிடித்து, அவர்கள் கொடுப்பதைவிட ஐந்நூறு ரூபாய் குறைத்துப் பேசுங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால் இன்னும் விசேஷம். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு. ஆகவே யாராவது கேட்டால் "மாமா வந்திருக்கார்" என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். நன்னெறி வகுப்புக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

2. இடம் ஹால்தான். டிவியை அணைக்க வேண்டாம், சத்தத்தை மட்டும் குறையுங்கள். நீங்களும் பக்கத்திலேயே கீரை ஆய்ந்தபடி உட்காருங்கள். "எங்க அண்ணன் பையனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு சார்" என்று அவ்வப்போது பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள்.

3. இப்போது கணக்கு. பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறதா? அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், விடாதீர்கள். ஒரு இருபடிச் சமன்பாடு. பெருக்கினால் 6, கூட்டினால் −5 வருகிற இரண்டு எண்கள் வேண்டும். அந்தக் கணக்கில் மூளைக்கு உள்ள வேலை அவ்வளவுதான், மற்றதெல்லாம் கைவேலை. எனவே −2, −3 என்று சாரே சொல்லிவிடட்டும். பிள்ளை கைவேலையைப் பார்க்கும். நோட்டு முழுக்கச் சிவப்பு டிக் விழும். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டலாம்.

4. உயிரியலுக்குத் தனியாக ஒரு மிஸ். ஒரே ஆள் இரண்டையும் எடுத்தால் ஆபத்து. காரணம் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலின் பட்டாணி வரும். இருபண்புக் கலப்பில் 9:3:3:1. அதே ஆண்டு கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு வரும். உருண்டை விதை வர முக்கால் வாய்ப்பு, மஞ்சள் விதை வர முக்கால் வாய்ப்பு. முக்காலை முக்காலால் பெருக்கினால் பதினாறில் ஒன்பது. மெண்டலின் அந்த 9 வேறு எங்கிருந்தும் வரவில்லை. இது தெரிந்துவிட்டால் பிள்ளை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிடும். ஆகவே சார் ஆறு மணிக்கு, மிஸ் ஏழரைக்கு. இருவரும் செருப்பு விடும் இடத்தில்கூடச் சந்திக்கக் கூடாது.

5. படங்களை மிஸ்ஸே வரைந்து கொடுக்கட்டும். இதயத்துக்கு எத்தனை அறை என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பது ரத்தத்துக்குத் தெரியும்.

6. பதினொன்றாம் வகுப்பில் பயோ-மேத்ஸ் குரூப். மறுபேச்சு கூடாது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியல்; கணக்குக்கு ஒரு கேள்வியும் கிடையாது. பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. உயிரியலுக்கு ஒன்றும் இல்லை. ஆக, பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் இரண்டு டியூஷனில் ஒன்று வீண். எது வீண் என்பதை +2 ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கேட்டால் இப்போதே சொல்லிவிடும். அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறேன்.

7. சம்பளம்: தீபாவளிக்கு விட்ட மூன்று நாளைக் கழியுங்கள். டீக்குக் கழிக்காதீர்கள், பார்க்க நன்றாக இருக்காது. சர்க்கரையைக் குறைத்தால் போதும்.

8. அரையாண்டில் கணக்குக்கு 58. விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காதீர்கள். எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டால் அதை மட்டும் சரிசெய்ய வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றாவதாக ஒரு சாரைப் போடுங்கள்.

9. என்றைக்காவது பிள்ளை, "இன்னைக்கு யாரும் வேணாம்மா, இந்தக் கணக்கை நானே ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்" என்று சொல்லக்கூடும். பதறாதீர்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் இல்லையென்றால் சாருக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்லுங்கள்.