சிதம்பரம் வந்தது, சிதம்பரம் வந்தார்

ஊர்ப்பெயரை அப்படியே எடுத்து ஆண்குழந்தைக்குச் சூட்டும் வழக்கம் தமிழரிடையே பழனி, அருணாசலம், காசி, குற்றாலம் எனப் பலவாறு விரிந்து கிடப்பினும், ஊரிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து மீண்டும் ஊருக்குமாக ஓயாது அலைந்த பெயர் என்ற வகையில் முதலிடம் சிதம்பரத்துக்கே உரியது.

கூத்தப்பெருமான் ஆடும் மன்றத்தைச் சிற்றம்பலம் என்றும் ஊரைத் தில்லை என்றும் தேவாரம் வழங்குகிறது. அந்தச் சிற்றம்பலமே நாளடைவில் சிதம்பரம் எனத் திரிந்தது என்பர் ஒரு சாரார். அறிவு எனப் பொருள்படும் 'சித்', வெளி எனப் பொருள்படும் 'அம்பரம்' ஆகிய வடசொற்கள் கூடியது என்பர் மறுசாரார். மகனுக்கு வாய்த்தது சிறிய அரங்கமா, எல்லையற்ற அறிவுவெளியா என்னும் இவ்வழக்கைத் தேர்வு முடிவு வெளியாகும் நாள்வரை தந்தையர் ஒத்திவைப்பது நன்று. தில்லை என்பது ஒரு மரம். இன்றும் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் வளரும் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆயினும் தில்லை, தில்லைநாயகம் எனப் பெயரிடப் பெற்றோர் அஞ்சியதில்லை. அவ்வூரின் மற்றொரு பழம்பெயரான பெரும்பற்றப்புலியூர் தொட்டில்வரை வருவது அரிதாக இருப்பதைப் பார்த்தால், புலியைவிடக் கண்ணைக் கெடுக்கும் மரம் மேல் என அவர்கள் கருதினர் போலும்.

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவதை இலக்கண நூலார் ஆகுபெயர் என்பர். 'கார் அறுத்தான்' என்னும் தொடரில் கருநிறத்தைக் குறிக்கும் கார் முகிலுக்கும், முகிலிலிருந்து மழைப்பருவத்துக்கும், பருவத்திலிருந்து அப்போது விளையும் பயிருக்கும் ஆகிவருவதால் அது மும்மடியாகுபெயர் எனப்படும். மன்றத்தின் பெயர் ஊருக்காகி, ஊரின் பெயர் இறைவனுக்காகி, இறைவனின் பெயர் மூக்கொழுகும் பிள்ளைக்காகி நிற்பதால் சிதம்பரமும் காருக்குக் குறைந்ததன்று. ஆளுக்கு ஆகியும் அம் என்னும் ஈற்றை அது விடாததால், மனிதரையும் நிலையத்தையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு முழுவதும் வினைமுற்றின் தலையில் விழுகிறது. வந்தது என்றால் பெட்டியை இறக்க வேண்டும், வந்தார் என்றால் காப்பி போட வேண்டும். இப்பெயருடையவர் சம்பளத்தை வாய்விட்டுச் சொல்லாதபோது 'சிதம்பர ரகசியம்' என்று கூறித் தாமே சிரித்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருந்தே தீருவார்.

கணவன் பெயரை மனைவி வாயால் உரைக்கலாகாது என்ற பழைய மரபு இப்பெயரால் பட்ட பாடு தனி. அம்மரபைக் கைவிடாத ஓர் அம்மையார் பேருந்தில் 'நடராசர் ஊருக்கு ஒரு டிக்கெட்' என்றுதான் கேட்டாக வேண்டும். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. அவ்வழக்கப்படி மாமனாரின் பெயரைத் தாங்கிய மகனை அப்பெயர் சொல்லித் திட்டவும் இயலாத மருமகள், வீட்டில் ராசா, தம்பி என்றே அழைத்து வளர்ப்பாள். பள்ளியில் முதன்முதலாக வருகைப்பதிவில் சிதம்பரம் என்று ஆசிரியர் அழைக்கையில், யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று பையன் வாசலைப் பார்ப்பான்.

ஐம்பூதத் தலங்களுள் திருவண்ணாமலை தீக்கும் சிதம்பரம் ஆகாயத்துக்கும் உரியவை என்பது சைவர் கொள்கை. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றில் தந்தை அண்ணாமலை, மகன் சிதம்பரம் என இரு பூதங்களும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. ராஜா அண்ணாமலை செட்டியார் 1929இல் தம் பெயரில் பல்கலைக்கழகம் கண்டது அண்ணாமலையில் அன்று, சிதம்பரத்தில். அவர் மகன் எம்.ஏ.சிதம்பரம் பெயரால் வழங்கும் கிரிக்கெட் மைதானம் இருப்பதோ சிதம்பரத்தில் அன்று, சென்னைச் சேப்பாக்கத்தில். நிலநூல் ஆசிரியர்கள் தலையில் கைவைக்கலாம். ஆனால் சிக்ஸர்கள் பறக்கும் இடத்துக்கு ஆகாயத் தலத்தின் பெயர் பொருந்தாது என யாரும் வாதிட இயலாது.

எனினும் இப்பெயரை மிகத் தொலைவு கொண்டுசென்றவர் 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கு விலையாகச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரம் பிள்ளையே. மரியாதை மிகுந்து அவர் சிதம்பரனார் ஆனார். 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய பகுதிக்கு அவர் பெயர் இடப்பட்டது. ஆகவே, ஆகுபெயர் நான்காம் மடிக்கு ஏறி, சோழநாட்டு ஊரின் பெயர் பாண்டிநாட்டு மாவட்டத்தின் பெயராயிற்று. 1997இல் மாவட்டங்களுக்கு இடப்பட்ட தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தூத்துக்குடி மாவட்டமாகியது; 2011இல் அங்குள்ள துறைமுகம் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் மாறியது. மாவட்டத்தைவிடத் துறைமுகமே அவருக்குப் பொருத்தம் என்பதில் ஐயமில்லை. கடல்வழி வருவோர் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சிதம்பரனாரில் கரையிறங்கியவர் சிதம்பரம் சேர இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும்.