ஆடி மாசத்துக் கல்யாணப் பத்திரிகை

பட்டாபிராமில் டைடல் பார்க் வரப்போகிறது என்றபோது எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. ரயில்வே கேட்டில் நின்று நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் நாங்கள். எது வரும் என்றாலும் 'வரட்டும், பார்க்கலாம்' என்பதுதான் எங்கள் பதில். ஆனால் வந்தேவிட்டது. 330 கோடி ரூபாய், 21 மாடி, 2024 நவம்பரில் முதலமைச்சர் திறந்துவைத்தார். இப்போது மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டால்கூட அந்தக் கட்டடம் எட்டிப் பார்க்கிறது. முதலில் வீட்டு வாடகை ஏறியது. அடுத்து மனை விலை ஏறியது. கடைசியாக எனக்குத் தலைக்கு ஏறியது.

நான் பி.காம். படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். காலையில் இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஏறுவேன், பட்டரவாக்கத்தில் இறங்குவேன். நட்டு, போல்ட்டு, ட்ரில் பிட்டு, கையுறை என்று கொடுத்ததையும் திரும்பி வந்ததையும் பின் கார்டு என்கிற இருப்பு அட்டையில் எழுதிக்கொண்டே இருப்பேன். ஒரு ட்ரில் பிட்டு குறைந்தாலும் ராத்திரி தூக்கம் வராது. திடீரென்று ஒரு நாள் முதலாளி கம்பெனியை இழுத்து மூடி, இடத்தைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? முதல் வாரம் காபி வரும். இரண்டாம் வாரம் ரேஷன் கடைக்குப் போகப் பை வரும். மூன்றாம் வாரம், "ஏங்க, நீங்க எங்கேயாவது போய்ட்டு வரக் கூடாதா?" என்ற கேள்வி வரும்.

எங்கே போவது? எதிரே 21 மாடி நிற்கிறது. நடந்தே போய்விடலாம், சீசன் டிக்கெட் காசு மிச்சம்.

எதிர்வீட்டுப் பையன்தான் பற்ற வைத்தான். "அங்கிள், சைபர் செக்யூரிட்டி பண்ணுங்க. கோடிங் வேணாம். டெக்னிகல் பேக்ரவுண்டே வேணாம்." எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒரு தகுதியாக்கிச் சொன்னவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். உடனே ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., காபியோடு பிஸ்கட். எதிரே உட்கார்ந்திருந்த பெண், "ஆறே மாசம் சார், வேலை கன்ஃபார்ம்" என்று சொல்லி, எண்பதாயிரத்துச் சொச்சம் போட்ட சீட்டை நீட்டியது. வீட்டில் வந்து காட்டினேன். என் மனைவி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "வேலை கன்ஃபார்ம்னா, ஃபீஸை ஆறு மாசம் கழிச்சுச் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். நானும் அப்படியே போன் போட்டுக் கேட்டேன். தினமும் இரண்டு வேளை கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இலவச வழியும் இருக்கத்தான் இருந்தது. ஐ.எஸ்.சி.2 என்று ஓர் உலக அமைப்பு, பத்து லட்சம் பேருக்கு ஆரம்பப் பாடமும் பரீட்சையும் இலவசம் என்று 2022-ல் அறிவித்திருந்தது. பாஸானவர்கள்தான் ஆண்டுச் சந்தாவாக 50 டாலர் கட்டவேண்டும். அந்தச் செலவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

மகளுடைய பழைய லேப்டாப்பில் எதிர்வீட்டுப் பையன் 'காலி லினக்ஸ்' என்கிற சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்தான். கறுப்புத் திரை. சினிமாவில் பார்த்த மாதிரியே இருந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு கட்டளை அடித்தேன், பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு அடித்தேன், ஒன்றும் விழவில்லை. எழுத்து வேண்டாம், ஒரு புள்ளியாவது விழவேண்டாமா? விரலை மாற்றி மாற்றிக் குத்தினேன். கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் விழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கடையில் சத்தம் போட்டேன். கடைப்பையன் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "சார், லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிச்சா திரையில தெரியாது. பக்கத்துல இருக்கறவன் எத்தனை எழுத்துன்னு எண்ணிடக் கூடாதுல்ல? அடிச்சுட்டு என்டர் தட்டுங்க" என்றான். பென்சில் வாங்க வந்திருந்த யூனிஃபார்ம் குழந்தை ஒன்று சிரித்தது. கீபோர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம், பெட்டியைப் பிரித்துவிட்டேனாம்.

அதற்கப்புறம் நெட்வொர்க்கின் ஏழு அடுக்கு. அதைத் தாண்டினால் 65,535 போர்ட்டு. அதில் 22 எதற்கு, 53 எதற்கு, 443 எதற்கு என்று மாவு மில் வரிசையில் நின்று மனப்பாடம் செய்தேன். "நானூத்தி நாப்பத்தி மூணு" என்று நான் வாய்விட்டுச் சொல்ல, மில்காரர் அத்தனை ரூபாய் கணக்கில் எழுதப் பார்த்தார்.

விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் கிளிஃபோர்ட் ஸ்டால் கிடைத்தார். அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்தவர். படித்தது நட்சத்திரங்களைப் பற்றி. ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்துபோனதால் கம்ப்யூட்டர் அறைக்குத் தள்ளிவிடப்பட்டவர். 1986-ல் அவரிடம் ஒரு சில்லறை வேலை கொடுத்தார்கள்: கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பார். வேறு யாராக இருந்தாலும் சட்டைப்பையிலிருந்து சில்லறையைப் போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். மனிதர் விடவில்லை. மாசக்கணக்கில் துரத்தி, மேற்கு ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, கண்டதைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் ஸ்டோர்ஸ்காரர் அல்லவா! ட்ரில் பிட்டு ஒன்று குறைகிறது என்று நான் ஓவர்டைம் பார்த்தபோது சிரித்தவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிப் பணத்தைத் திருடினார்களே, அதில் 8 கோடி 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கையில் ஒரு ஃபவுண்டேஷன் பேருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் நின்றுவிட்டது. எதனால்? 'ஃபவுண்டேஷன்' என்பதைத் திருடன் 'ஃபேண்டேஷன்' என்று எழுதிவிட்டான். நடுவிலிருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை பெரிய ஹேக்கரைத் தடுத்தது ஓர் எழுத்துப்பிழை! பங்களாதேஷ் வங்கியில் பரிவர்த்தனைகளை அச்சடிக்கும் பிரிண்டரையும் திருடர்கள் முடக்கி வைத்திருந்தார்கள். ஊழியர்கள் அதைச் சாதாரணக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிரிண்டர் வேலை செய்தால்தானே ஆபீஸில் சந்தேகப்பட வேண்டும்?

அவ்வளவு தூரம் ஏன், நம் கும்பகோணத்துக்கு வாருங்கள். 2018 பிப்ரவரியில் சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் என்கிற வெளிநாட்டுப் பணப்பரிமாற்ற வசதி வழியாக ஏறக்குறைய 20 லட்சம் டாலரை, துபாய்க்கு, துருக்கிக்கு, சீனாவுக்கு என்று மூன்று பங்காக அனுப்பிவிட்டார்கள். வங்கி கண்டுபிடித்தது எப்போது தெரியுமா? கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது. டாலி ஆகவில்லை! துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை உடனே மறித்துவிட்டார்கள். இதை என் மனைவியிடம் உணர்ச்சிவசப்பட்டு விளக்கினேன். "மாச பட்ஜெட்ல இருநூறு ரூபா எங்க போச்சுன்னு நான் கேட்டா மட்டும் உங்களுக்குக் கோவம் வருது" என்றாள்.

இந்த நிலைமையில்தான், போன ஆடியில், திருநின்றவூர்ப் பெரியப்பா மகன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. படமாக இல்லை, ஏதோ ஏ.பி.கே. என்று முடிகிற ஃபைல். அதன் பொருள் என்ன என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன், அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். ஆனாலும் சொந்தக்காரன் கூப்பிடும்போது பாடமா ஞாபகம் வரும்? மொய் எவ்வளவு வைப்பது என்று யோசித்துக்கொண்டே விரலைக் கொண்டுபோனேன். தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம்னு போட்டிருக்கு. ஆடி வெள்ளியில எவன் தாலி கட்டுவான்? கூழுதான் ஊத்துவான். அதுவும் அவங்க வீட்டுல பசங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. யாருக்குப் பத்திரிகை, பெரியப்பாவுக்கா?"

விரலை எடுத்தேன். அது பத்திரிகையே அல்ல, திருட்டு ஆப். அதை மட்டும் நிறுவியிருந்தால் என் போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்கும் போயிருக்கும். பெரியப்பா மகனுக்கு யாரோ அனுப்பி, அவன் திறந்து, அவன் போன் தானாக ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடி, பேங்குக்குச் சொல் என்று அவனுக்குப் போன் போட்டேன். நான் செய்த முதல் சைபர் பாதுகாப்பு அதுதான். 1930 மறக்காமல் இருந்ததற்குக் காரணம் பாடம் அல்ல, என் அப்பா பிறந்த வருஷம்.

இந்தத் துறையில் புதிதாகச் சேருகிறவர்களை அநேகமாக முதலில் கண்காணிப்பு மையத்தில்தான் உட்காரவைப்பார்கள், ராத்திரி ஷிஃப்டோடு. திரையில் எச்சரிக்கைகள் விழுந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. எங்கள் தெரு நாய்கள் ராத்திரி முழுக்க எல்லாரையும் பார்த்துக் குரைக்குமே, அந்த மாதிரி. திருடனைப் பார்த்துக் குரைக்கிற அன்றைக்கு ஒருவரும் எழுந்துபோய்ப் பார்க்கமாட்டோம். ராத்திரி கண்விழிக்க என் ரத்த அழுத்த மாத்திரை சம்மதிக்காது. ஆகையால் தணிக்கைப் பக்கம் திரும்பினேன். தகவல் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 27001 என்று ஒரு தரநிலை. 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். பயத்தோடுதான் திறந்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடு. யாரிடம் எது இருக்கிறது என்று எழுது. வேலையை விட்டுப் போகிறவனிடம் கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கு. மேஜையில் காகிதத்தைப் பரப்பிவிட்டுப் போகாதே. பின் கார்டு, கேட் பாஸ், ஸ்டாக் வெரிஃபிகேஷன்! இருபது வருஷமாகச் செய்ததற்கு இங்கிலீஷில் பேர் வைத்திருக்கிறார்கள்.

உற்சாகத்தில் வீட்டைத் தணிக்கை செய்தேன். ஜிபே பின் நம்பர் தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. வாசல் சாவி மீட்டர் பெட்டிக்குள். வைஃபை பாஸ்வேர்டு தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அழகாக அறிக்கையாக எழுதி, 'குறைபாடு', 'பொறுப்பாளர்' என்று கட்டம் கட்டி மனைவியிடம் கொடுத்தேன். அவள் பேனாவை வாங்கி, பொறுப்பாளர் கட்டத்தில் வரிசையாக என் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பார்த்தால், அத்தனையும் நான் செய்ததுதான்.

வேலை தேடிப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொன்னால் எனக்கு வலிக்கும். ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம். புதுச்சட்டை, ஃபைலோடு வரிசையில் நின்றேன். வாட்ச்மேன் வந்து, "பேரண்ட்ஸ்லாம் அந்த ஷாமியானாவுல உக்காருங்க சார், பையன் முடிச்சிட்டு வரட்டும்" என்றார். நான்தான் சார் பையன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

கடைசியில் ஒரு சின்னத் தணிக்கை நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவருக்கு என் மகள் வயது. "சார், இந்த ஃபீல்டுல உங்களுக்கு என்ன எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்டார். "வேலையை விட்டுப் போற ஃபிட்டர்கிட்ட ட்ரில் பிட்டைத் திருப்பி வாங்கியிருக்கேன்மா" என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். லேப்டாப் பட்டியல் எங்கே, விட்டுப்போனவர்களின் லாகினை மூடிய ஆதாரம் எங்கே என்று ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுக் கேட்டு வாங்குவது வேலை. கேட்டுத் தொல்லை கொடுப்பதில் எனக்கு இணை கிடையாது. சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் கம்மி. இடம் டைடல் பார்க் இல்லை. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கவேண்டும்.

சேர்ந்து ஒரு மாசம் ஆகவில்லை, 'தீபாவளி போனஸ் பட்டியல், உங்கள் பெயரைச் சரிபார்க்கவும்' என்று மெயில் வந்தது. சரிபார்த்தேன். அது ஊழியர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க எங்கள் கம்பெனியே அனுப்பும் சோதனை மெயிலாம். எங்கள் பிரிவில் அதைத் திறந்தவன் நான் ஒருவன்தானாம். தண்டனையாக, போலி மெயிலை அடையாளம் காண்பது எப்படி என்று ஒரு நீண்ட வீடியோவைப் பார்க்கவைத்தார்கள். நடுவில் ஓட்ட முடியாது, முயன்றுவிட்டேன். முடிந்ததும் என் பெயர் போட்டு ஒரு சான்றிதழ் வந்தது. சைபர் பாதுகாப்பில் இதுவரை நான் வாங்கிய சான்றிதழ் அது ஒன்றுதான். ஃபிரேம் போடக் கொடுத்திருக்கிறேன்.