இன்றைய ரொட்டிக்கு நாளைய ரொட்டி ஜாமீன்

பிரிட்டனில் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'யூனிவர்சல் கிரெடிட்' என்னும் உதவித்தொகைத் திட்டத்தின் விசேஷம் யாதெனில், அடுப்பில் பூனை உறங்குகிறதே என்று விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு முதல் தொகை கைக்கு வந்து சேர வழக்கமாக 5 வாரங்கள் ஆகும். மாதச் சம்பளக்காரரின் ஒழுங்கை ஏழைகளுக்குப் பழக்குவதே மாதாந்தரப் பட்டுவாடாவின் நோக்கம் என்பது சர்க்கார் அளித்த வியாக்கியானம். பசி அதுவரை பொறுக்காதெனில் முன்பணம் உண்டு. அது தானமன்று, வட்டியில்லாக் கடன், பின்வரும் மாதங்களில் பிடித்துக்கொள்ளப்படும்.

இதற்கிடையே பரோபகார சிந்தை மிக்க கனவான்கள் சிலர், பருப்பை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று உபதேசிக்கிறார்கள். மொத்தமாக வாங்குவதற்கு மொத்தமாகப் பணம் வேண்டும் என்ற அற்ப விஷயமோ, முன்கூட்டியே காசு கட்டவேண்டிய மின்சார மீட்டரில் காசு தீர்ந்துவிட்டால் அந்தப் பருப்பு வேகாது என்பதோ அவர்களுடைய அர்த்தசாஸ்திரத்தில் இடம்பெறவில்லை.