கொள்ளிடத்துக்கு வடக்கே

தஞ்சை, திருவாரூர், அன்றைய நாகை மாவட்டங்கள் முழுவதும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள்: 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அளந்துகொடுத்த டெல்டா இவ்வளவுதான். இங்கே செம்பு உருக்கக் கூடாது, தோல் பதனிடக் கூடாது, புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது. (பழைய கிணறுகள் முன்பே குடிவந்தவை, இருந்துவிட்டுப் போகட்டுமாம்.)

காவிரி என்னவோ கரூரையும் திருச்சியையும் கடந்துதான் கல்லணைக்கு வருகிறது. இரண்டுமே பட்டியலில் இல்லை. திருப்பூர்ச் சாயத்தைப் பல்லாண்டு சுமந்த நொய்யல் காவிரியில் கலப்பதும் அந்தப் பக்கம்தான்.

அரியலூரும் இல்லை. ஆகவே ஆலைக்கு இடம் தேடும் முதலாளி ஆலோசகருக்குப் பணம் அழ வேண்டாம். திருவையாற்றில் பஸ் ஏறி, கொள்ளிடப் பாலம் தாண்டி, திருமானூரில் இறங்கினால் போதும். இந்தச் சட்டம் அங்கே வராது. தென்கரை நெல்லுக்குப் பாதுகாப்பு, வடகரை நெல்லுக்கு வளர்ச்சி! காற்று அரசிதழ் படிப்பதில்லை என்பது மட்டும் சிறு சிக்கல்.

2023-இல் ஒன்றிய அரசு ஏலத்துக்குக் குறித்த நிலக்கரிப் பகுதிகளில் தஞ்சை மாவட்டத்து வடசேரியும் இருந்தது, அரியலூர் மைக்கேல்பட்டியும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டையும் விட்டார்கள். இரு கரையையும் சமமாகப் பார்த்தவர்கள் தில்லிக்காரர்கள்தான்.