இரண்டு புள்ளி ராக்கெட்

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் எழுத்துப் பகுதியில் முதல் வேலை சின்னதுதான்: ஒரு வரைபடம், சுமார் 20 நிமிடம், குறைந்தது 150 சொல். அதற்குள் எத்தனை வாணவேடிக்கை! தேநீர் குடிப்போர் 12 சதவீதத்திலிருந்து 14-க்கு நகர்ந்தால் போதும், 'ஸ்கைராக்கெட்' கிளம்பிவிடுகிறது. ஒரு புள்ளி இறங்கினால் 'ப்ளம்மெட்', அதாவது மலையுச்சியிலிருந்து தலைகுப்புற. ஏறியது என்று சொல்ல 'ரோஸ்' என்றொரு சாதுவான சொல் உண்டு. அதைப் பந்தியில் உட்காரவே விடுவதில்லை.

சொல்வளத்துக்கு மதிப்பெண் உண்டே என்பீர்கள். உண்டு, நான்கில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பங்கிலேயே சொல் பொருந்தி விழுந்ததா என்றும் பார்க்கிறார்கள். இரண்டு புள்ளிக்கு ராக்கெட் விட்டவர், 'நான் படத்தைப் பார்க்கவில்லை' என்று தானே எழுதிக் கொடுக்கிறார். கேட்ட வேலையைச் செய்தாரா என்பதற்கு இன்னொரு பங்கு. அதற்கு ஒட்டுமொத்தப் போக்கைச் சொல்லும் ஒரு வரி வேண்டும். (மனப்பாடம் செய்து வந்த சொற்பட்டியலில் அந்த வரி இருக்காது, பாவம்.) பதற்றத்தில் மனப்பாடம்தான் கைகொடுக்கும் என்பதும் நியாயமே. அப்படியானால் 'ரோஸ்', 'ஃபெல்', 'ஸ்லைட்லி', 'ஷார்ப்லி' என நாலு சொல் போதும். எதை எப்போது எடுப்பது என்பது படத்தின் இடப்பக்க அச்சில் எண்ணாகவே அச்சிட்டிருக்கிறது. பேனாவைத் திறக்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.