கரணை யார் கையில்?

1980களின் தொடக்கத்தில் திருச்சியில் கட்டிட மேற்பார்வையாளனாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சிமெண்ட் பர்மிட் சரக்கு. மனு எழுதிக் கொடுத்துவிட்டு, சணல் சாக்கில் மூட்டை வந்து சேரும்வரை வேலையை நிறுத்திவைத்துக் காத்திருப்போம். 1982இல் அந்தக் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989இல் முழுதாக எடுத்துவிட்டார்கள். இன்று சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. காலையில் போன் செய்தால் மாலைக்குள் லாரி வாசலில் நிற்கிறது. அதன் மீதிருந்த 28 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 18 ஆகிவிட்டது.

மணலின் கதை வேறு. அன்று கொள்ளிடத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும். ஒரு கை அள்ளித் தேய்த்துப் பார்த்து, களிமண் ஒட்டினால் மேஸ்திரி வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆறு எவ்வளவுதான் தாங்கும்? 2003இல் மணல் குவாரிகளைத் தமிழக அரசே பொதுப்பணித்துறை வழியாக எடுத்து நடத்தத் தொடங்கியது. இப்போது கருங்கல்லை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட் இல்லாத கட்டிடம் அரிது.

கான்கிரீட்டுக்கு அன்று எங்களுக்குத் தெரிந்த கணக்கு 1:2:4. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. 2000இல் ஐ.எஸ். 456 விதிநூலைத் திருத்தியபோது, கம்பி கட்டிப் போடும் கான்கிரீட் எம்20 தரத்துக்குக் கீழே போகக் கூடாது என்றார்கள். மாதிரிக் கட்டி வார்த்து, 28ஆம் நாள் உடைத்து வலிமை பார்ப்பது இன்று பெரிய வேலைகளில் வழக்கமாகிவிட்டது. பொருளிலும் கணக்கிலும் இந்தத் தொழில் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. அதை மனமாரச் சொல்கிறேன்.

ஆட்களிடம் வருவோம். தளம் போடும் நாளில் விடியும் முன்பே மிக்சர் ஓடத் தொடங்கிவிடும். சவுக்குச் சாரத்தில் படிக்கு ஒருவராகப் பெண்கள் நிற்பார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். தளம் முடியும்வரை வரிசை கலையாது. முடிந்ததும் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கறிச்சோறு போடுவார். அந்த வரிசையில் நின்ற ஒரு அம்மாள், சட்டியைக் கையில் வாங்கியதுமே, “தண்ணி கூடிப்போச்சு சார், மிசினுக்காரர்கிட்ட சொல்லுங்க” என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும் என்று நான் பாலிடெக்னிக்கில் படித்தது, அவருக்குக் கை எடையிலேயே தெரிந்திருந்தது. அவரோடு சட்டி தூக்கிய பையன்கள் சில வருடங்களில் கரணை பிடித்தார்கள், கொத்தனார் ஆனார்கள், சிலர் காண்ட்ராக்டரும் ஆனார்கள். அந்த அம்மாள் சித்தாளாக வந்து சித்தாளாகவே ஓய்ந்தார். கூலியும் ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. கரணையை அவர் கையில் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்று அந்த வரிசை இல்லை. ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, பம்ப் கலவையை மாடிக்குத் தள்ளுகிறது, ஏழெட்டுப் பேரில் தளம் முடிகிறது. பெண்களின் தலையிலிருந்து அந்தச் சுமை இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுமையோடு சேர்த்து அவர்களுடைய பிழைப்பையும் இறக்கிவிட்டோம். சட்டிக்கு மாற்றாக இயந்திரம் வந்தபோது, சட்டி தூக்கியவர்களுக்கு அடுத்த வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர்கள் நின்ற இடத்தில் இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். தகரக் கொட்டகையில் தங்கி, நாம் வாழும் மாடிகளைக் கட்டுகிறார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் குழந்தைகளோடு நடந்தவர்களிலும் கட்டிடத் தொழிலாளர்கள் ஏராளம்.

இவர்களுக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. சங்கங்கள் போராடியதால் தமிழ்நாட்டில் 1994இலேயே கட்டிடத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வசூலாகிறது. ஆனால், அந்த வகையில் நாடு முழுவதும் சேர்ந்த 37,400 கோடி ரூபாய்க்கும் மேலான தொகையில் சுமார் 9,500 கோடிதான் செலவாகியிருக்கிறது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வேதனையோடு சுட்டிக்காட்டியது. மத்தியச் சட்டப்படி பதிவு செய்ய, முந்தைய ஓராண்டில் 90 நாள் கட்டிட வேலை செய்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ஊர், ஒரு மேஸ்திரி என்று மாறுகிறவர் அதற்கு யாரிடம் சான்று வாங்குவார்?

வேளாண்மைக்கு அடுத்தபடியாகக் கோடிக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழில்களில் முன்னால் நிற்பது கட்டிடத் தொழில். சென்னையில் மட்டும் சுமார் 119 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. இனியும் வேலைக்குக் குறைவிருக்காது. காண்ட்ராக்டர்களின் ஒரே புலம்பல், “தொழில் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை” என்பதுதான். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று ஊரே அவர்களை அழைக்கிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடுகளையே கட்டி முடித்திருக்கிறார்கள். பழக்கினால் ஆட்கள் கிடைப்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

செலவாகாத நல நிதியில், கூலியோடு கூடிய கொத்தனார் பயிற்சியை மாவட்டந்தோறும் தொடங்க வேண்டும். அதில் பெண்களுக்கும் வெளிமாநிலத்தவருக்கும் முதலிடம் வேண்டும். வீடு கட்டுகிறவர்களே, அனுமதி வாங்கும்போது நீங்கள் செலுத்தும் அந்த 1 சதவீதம் உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களின் பணம். நலவாரியத்தில் பதிவு உண்டா என்று அவர்களிடம் கேளுங்கள். இல்லையென்றால் வேலை செய்த நாட்களுக்குச் சான்று எழுதிக் கொடுங்கள். உங்கள் மேஸ்திரியிடம், ஒரு சித்தாளுக்காவது கரணை பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.